படகு வாங்கும்போது முதலில் அடியைப் பாருங்கள்

2016 மாசி மாதம் நான் வாங்கிய பழைய ஃபைபர் படகு எங்கள் கரையில் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஓட்டை இல்லை, விரிசல் இல்லை, ஃபைபர் நல்ல கனம். 24 அடி நீளம், ஆறரை அடி அகலம். எஞ்சின் இல்லாமல் 85,000 ரூபாய். அதே அளவில் புதிதாகக் கட்டினால் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல பொருள் என்றார்கள். நல்ல பொருள்தான், எங்கள் கரைக்கு ஆகாத பொருள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வலையும், கூட வந்த பையனின் தோள்பட்டையும் விலையாகப் போயின. பழைய படகு தேடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடையில் இருக்கிறது. எங்களுக்குத் துறைமுகம் கிடையாது, ஒதுங்க முகத்துவாரமும் கிடையாது. மணலில் நிற்கும் படகைத் தள்ளி, உடைகிற அலையைத் தாண்டித்தான் தொழிலுக்குப் போக வேண்டும். திரும்பும்போது அதே அலையோடு வந்துதான் கரை பிடிக்க வேண்டும். சாதாரண நாளில் அலை ஒரு வரிசையாக உடையும். வாடைக்காற்று ஓங்கிவிட்டால் இரண்டு வரிசை, மூன்று வரிசை. பத்து மணி நேரம் கடலில் கிடந்தாலும், படகுக்கு உண்மையான சோதனை போகும்போது ஐந்து நிமிடம், வரும்போது ஐந்து நிமிடம்.

நான் வாங்கிய படகு புதுக்கோட்டை மாவட்டக் கரையில் ஓடியது. அது பாக் விரிகுடா. பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. வடக்கே கோடியக்கரை, தெற்கே ராமேஸ்வரம் தீவு, எதிரே இலங்கை என்று சுற்றிலும் தடுப்பு இருப்பதால் வங்கக் கடலின் பெரிய அலை உள்ளே அவ்வளவாக வராது. கரையோரம் சேறும் கடற்புல்லும்தான். படகை மணலில் ஏற்றும் வேலை அநேகமாக இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் நங்கூரம் போட்டுவிட்டு நடந்தே கரைக்கு வந்துவிடலாம். அந்தக் கடலுக்கு என் படகுக்கு இருந்தது மாதிரித் தட்டையான அடிப்பாகம்தான் சரி. முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். நண்டு வலையை மூன்று பேர் ஒரே பக்கம் நின்று இழுத்தாலும் அவ்வளவு சீக்கிரம் சாயாது.

விற்றவர் நேர்மையான மனிதர். பேரம் முடிந்து டீ குடிக்கும்போது, "தம்பி, உங்க ஊர்ல கரை அலை எப்படி?" என்று அவராகத்தான் கேட்டார். "கொஞ்சம் இருக்கும்ணே, பாத்துக்கலாம்" என்றேன். அந்த ஒரு கேள்விக்கு நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஃபைபரைத் தட்டிப் பார்த்தேன், பலகையைக் கிள்ளிப் பார்த்தேன், விலையைக் குறைத்தேன். இந்தப் படகு எந்தக் கரையில் ஏறி இறங்கப் போகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் கிடக்க, எங்களைப் போன்ற சிறிய படகுகளுக்கு மீன் விலை நன்றாகவே கிடைத்தது. பறக்கும் மீனான கோலாவுக்கு ஓட ஆரம்பித்தபோதுதான் முதல் வித்தியாசம் தெரிந்தது. கோலா கரையோரம் கிடைக்காது. பல மணி நேரம் ஓடினால்தான் மீன் கிடைக்கும். எங்கள் பக்கத்துப் படகுகளும் நானும் ஒரே மாதிரி வால் எஞ்சின் (நீண்ட தண்டின் முனையில் காற்றாடி சுழன்று தண்ணீரைத் தள்ளும் எஞ்சின்), அதே 10 குதிரைத்திறன். ஒன்றாகப் புறப்பட்டாலும் அவர்கள் எனக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு 18 லிட்டர் டீசல் ஆகும் ஓட்டத்துக்கு எனக்கு 24 லிட்டர். எஞ்சினில் குறை என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு டீசல் தெளிக்கும் நாசிலை மாற்றினேன், காற்றாடி மாற்றினேன். எதுவும் மாறவில்லை.

அப்புறம் படகின் அடி தண்ணீரில் அறைகிற அந்த அறை. பிற்பகல் கடற்காற்று எழும்பியதும் தண்ணீர் சின்னச் சின்ன மேடாகும். எங்கள் ஊர்ப் படகுகள் அதை வெட்டிக்கொண்டு போகும். என் படகு ஒவ்வொரு மேட்டின் மேலும் ஏறி, அகன்ற அடியோடு தொப்பென்று விழும். உள்ளே நிற்கிறவனுக்குக் குதிகாலிலிருந்து பிடரி வரை அடிக்கும். ஐஸ் பெட்டி இடம் மாறும். மாலையில் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நான்கு மாதத்தில் முன்பக்கத்து அடியில் உள்பக்கமாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. ஃபைபர் களைத்துப் போவதன் அடையாளம் அது.

ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணி இருக்கும். கரைக்கு வரும்போது அலை இரண்டு வரிசையாக உடைந்துகொண்டிருந்தது. வழக்கம்போல வெளியே நின்று அலையை எண்ணினோம். பெரிய அலைகள் போய், சின்னது வந்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டேன். பாதி தூரத்தில் பின்னால் இன்னொரு அலை எழும்பிவிட்டது. என் படகின் பின்பக்கம் கதவு மாதிரி அகலமான நேர்ப்பலகை. அலை அந்தப் பலகையை அப்படியே முட்டித் தூக்கியது. பின்பக்கம் மேலே போக, முன்பக்கம் தண்ணீருக்குள் குத்தியது. குத்திய முனை பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட, பின்பக்கம் சுழன்றது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. வால் எஞ்சினின் காற்றாடி அந்தரத்தில் அலறியது. அடுத்த அலை பக்கவாட்டில் வந்து கவிழ்த்தது. கழுத்தளவு தண்ணீர்தான். ஆனால் வலை எங்கள் காலைச் சுற்றியது. கூட வந்த என் மாமன் மகனுக்குப் படகின் விளிம்பு தோளில் இடித்து எலும்பு விலகியது. ஊரே ஓடி வந்து இழுத்துப் போட்டார்கள். புது வலை கிழிந்து கடலோடு போனது. அவனுக்குத் தோள் சரியாக இரண்டு மாதம் ஆயிற்று. அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அன்று சாயங்காலம் என் சித்தப்பா கரைக்கு வந்தார். நாற்பது வருடம் கட்டுமரம் ஓட்டியவர். கவிழ்ந்து கிடந்த படகின் அடியைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பிறகு, கரையில் கிடந்த ஒரு தென்னம்பாளையையும் உடைந்த ஐஸ் பெட்டி மூடியையும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இரண்டையும் கரையைப் பார்த்து விட்டார். மூடி அலை வந்ததும் ஒரு மூலையில் மாட்டி, சுழன்று, புரண்டது. பாளை ஆடிக்கொண்டே வந்து மணலில் நின்றது. மூன்று தடவை விட்டார். மூன்று தடவையும் அப்படித்தான். "ரெண்டு பக்கமும் கூரு இருக்கு பாத்தியா? அலை முட்டுறதுக்கு அதுல இடமே இல்லடா" என்றார். படகைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

அந்தப் படகைச் சரிசெய்து தை மாதம் அதிராம்பட்டினம் பக்கத்துக்காரர் ஒருவருக்கு விற்றேன். எங்கள் கரையில் என்ன நடந்தது என்பதையும், அடியில் இருந்த வெள்ளைக் கோடுகளையும் அவரிடம் சொல்லித்தான் விற்றேன். அவர் கேட்டுவிட்டு, "எங்களுக்கு அலை பிரச்சினை இல்லண்ணே" என்றார். அடிக்கு உள்ளே இரண்டு அடுக்கு ஃபைபர் மேட் போட்டு இன்றைக்கும் நண்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார். படகு அதன் சொந்தக் கடலுக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த படகு வாங்கும்வரை இரண்டு வருடம் மற்றவர்கள் படகில் பங்குக்குப் போனேன். எந்தப் படகில் ஏறினாலும் அதன் அடியைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கரையில் ஏற்றியிருக்கும் படகின் பக்கத்தில் குனிந்து பார்ப்பேன். கட்டுகிற ஆட்களிடம் பேசினேன். பழைய ஆசாரி ஒருவர், 1980-களில் இந்தக் கரையோரமெல்லாம் அலை தாண்டி மணலில் ஏறும் படகு எப்படி இருக்க வேண்டும் என்று வங்காள விரிகுடாத் திட்டக்காரர்கள் படகு கட்டி ஓட்டிப் பார்த்த கதையைச் சொன்னார். ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் 1979-ல் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கிய திட்டம் அது. படகு வல்லுநர்கள் வருடக்கணக்கில் தலையைக் கொடுத்த சிக்கல் அது என்று தெரிந்தபோது, கட்டுமரத்தின் அருமை எனக்கு இன்னும் கூடிப்போனது. கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று இல்லை. தண்ணீர் மேலே ஏறும், இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். அணியம், அதாவது முன்முனை, வளைந்து தூக்கி நிற்கும். அந்தக் குணம் ஃபைபர் படகுக்குள் எவ்வளவு வந்திருக்கிறது என்பதைத்தான் நாம் அடியில் தேடுகிறோம்.

எங்கள் மாதிரித் திறந்த கரைக்கு எந்த அடி சரி என்று நான் தேறிய கணக்கைச் சொல்கிறேன். ஒரே படகில் அடி இடத்துக்கு இடம் வேறு வேறு மாதிரி இருக்க வேண்டும். அணியத்தில் கூர் வேண்டும். நேருக்கு நேர் நின்று பார்த்தால் அடி ஆங்கில வீ எழுத்து மாதிரி இறங்க வேண்டும், அதற்கு மேலே பக்கங்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். கீழே கூர் இருந்தால் தண்ணீரை வெட்டும். மேலே விரிவு இருந்தால்தான் குத்தும்போது மிதந்து எழும்பும். கீழும் கூர், மேலும் கூர் என்று கத்தி மாதிரி ஒல்லியாக இருக்கும் அணியம் அலைக்குள் புகுந்து தண்ணீரை அள்ளிக் கொட்டும். அணியத்தின் உயரம் நடுப்படகைவிட ஒன்றரை அடியாவது தூக்கி இருப்பதை நான் விரும்புகிறேன்.

நடுவில் அந்த வீ மெல்ல விரிந்து கிட்டத்தட்ட தட்டையாகலாம். வலை இழுப்பது அங்கேதான், கால் ஊன்ற நிலை வேண்டும். ஆனால் அடியும் பக்கமும் சேரும் மூலை உருண்டிருக்க வேண்டும். செங்கோணமாக மடித்த மூலை அமைதியான தண்ணீரில் நன்றாகப் பிடித்து நிற்கும். பக்க அலை வந்தால் அலையின் சரிவோடு படகும் சேர்ந்து சரியும். உருண்ட மூலை கொஞ்சம் ஆடும், ஆனால் ஆடி ஆடித் திரும்பி வரும். முதல் நாள் ஏறினால் பயமாக இருக்கும் படகுதான் மோசமான நாளில் காப்பாற்றும் என்று சித்தப்பா சொல்வார். அளவுக்கு மேல் ஆடும் படகும் உண்டு. விளிம்பில் இரண்டு பேர் ஏறி நின்றால், விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாணாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பின்பக்கம்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். அடி பின்னால் போகப் போக மேலே எழும்ப வேண்டும், வாத்தின் பின்புறம் மாதிரி. படகு மிதக்கும்போது பின்பலகையின் கீழ்விளிம்பு தண்ணீர் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே வர வேண்டும். என் பழைய படகில் அது முக்கால் அடி தண்ணீருக்குள் இருந்தது. டீசல் கூடுதலாகக் குடித்த ரகசியமும் அதுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பணம் வீணாகிறது. தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடும் படகுக்கு அதன் நீளம்தான் வேகத்தை முடிவு செய்கிறது. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவது அந்தப் படகு சிரமமில்லாமல் ஓடும் உச்ச வேகம், நாட் கணக்கில். தண்ணீரில் 25 அடி தொடும் படகுக்கு 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தண்ணீரின் மேலே ஏறிச் சறுக்க வேண்டும். சறுக்குவதற்குத் தட்டையான, அகன்ற பின்பக்கம் வேண்டும். பெரிய எஞ்சினும் வேண்டும். 10 குதிரைத்திறன் வால் எஞ்சின், ஒரு டன் சுமை வைத்த படகை ஒருநாளும் சறுக்க வைக்காது. சறுக்க முடியாத படகுக்கு அகன்ற தட்டைப் பின்பக்கம் வெறும் இழுவைதான். பலகைக்குப் பின்னால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சுழன்றுகொண்டே வரும். நாம் எரிக்கிற டீசலில் ஒரு பங்கு அந்தக் கொதிப்புக்குப் போகிறது. மேலெழும்பும் பின்பக்கமாக இருந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

அதற்காகப் பாளை மாதிரி பின்பக்கமும் முழுக் கூராக இருக்கட்டும் என்று போகவும் முடியாது. எஞ்சினும் வாலும் ஓட்டுகிறவனும் அங்கேதான். மிதப்பு இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, அணியம் வானத்தைப் பார்க்கும். எங்கள் கரையில் ஓடும் நல்ல படகுகளில் ஒடுங்கி வந்து சின்னப் பலகையில் முடிகிற பின்பக்கம் இருக்கும். பலகையின் அகலம் நடுப்படகின் அகலத்தில் பாதிக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி.

2019 தொடக்கத்தில் மறுபடியும் தேட ஆரம்பித்தேன். அது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதில் எத்தனையோ படகுகள் ஒன்றின் மேல் ஒன்று தூக்கி எறியப்பட்டிருந்தன. அவற்றில் சில ஒட்டிப் பூசி விற்பனைக்கு வந்தன. ஒட்டிய படகு எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். சரியாக ஒட்டினால் ஃபைபர் நன்றாகவே நிற்கும். ஒட்டியதை மறைத்து விற்பதுதான் தப்பு. ஐந்து படகு பார்த்தேன். இரண்டில் வெளியே புது பெயிண்ட், உள்ளே புதுச் சிமென்ட் மாதிரி, ஃபைபரை ஒட்டும் ரெசின் பூச்சு. எதற்கு இந்தப் பூச்சு என்று கேட்டால் பதில் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

ஆறாவது படகு கடலூருக்குத் தெற்கே ஒரு ஊரில் இருந்தது. 27 அடி நீளம், ஐந்தே முக்கால் அடி அகலம், வயது ஏழு. சித்தப்பாவையும் கூட்டிப் போனேன். அவர் முதலில் படகைப் பார்க்கவில்லை. அந்த ஊர்க் கரையைப் பார்த்தார், அலை உடையும் இடத்தைப் பார்த்தார். "நம்ம ஊரு அலைதான்" என்றார். இதை எல்லோருக்கும் சொல்வேன். படகு ஏழு வருடமாக எந்த அலையில் ஏறி இறங்கியதோ, அந்த அலை உங்கள் ஊர் அலையாக இருந்தால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி.

மணலில் உட்கார்ந்திருக்கும் படகின் அடி முழுதாகத் தெரியாது. விற்கிறவரிடம் பணிவாகக் கேளுங்கள்: "அண்ணே, ஒரு பக்கம் சாய்த்துக் காட்டுங்க." ஆறு பேர் கை கொடுத்தால் போதும். சாய்த்தவுடன் ஏரா முழுதும் தெரியும். ஏரா என்பது அடியின் நடுவே முன்னும் பின்னும் ஓடும் தண்டு. மணலில் இழுபடும் படகுக்கு முதலில் தேய்வது அதுதான், அதுவும் டிராக்டர் கட்டி இழுக்கும் ஊர்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேயும். பின்பக்கத்தில் ஏராவின் மேல் ஃபைபர் போய் உள்ளே மரக்கட்டை தெரிந்தால், அந்தக் கட்டை தண்ணீர் குடித்திருக்கும். கூர்மையான ஆணியால் குத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். மெத்தென்று இறங்கினால் ஏராவையே மாற்ற வேண்டிய செலவு இருக்கிறது. அதை விலையில் கழியுங்கள்.

அடுத்து நூல். இது சித்தப்பாவின் வேலை. வலைக்குப் போடும் நைலான் நூலை ஏராவின் முன்முனையிலிருந்து பின்முனைவரை இழுத்துப் பிடித்தார். நல்ல படகில் நூல் நடு ஏராவைத் தொட்டு, இரண்டு முனைகளிலும் சீராக விலகும். அல்லது முழு நீளமும் ஒட்டி நிற்கும். நடுவில் நூலுக்கும் ஏராவுக்கும் இடைவெளி வந்தால் அடி உள்ளே வளைந்துவிட்டது என்று அர்த்தம். வருடக்கணக்கில் சரியான தாங்கல் இல்லாமல் வைத்த படகிலும், வங்குக்கால்கள் உடைந்த படகிலும் இது நடக்கும். வங்குக்கால் என்றால் படகின் உள்ளே குறுக்கே போகும் விலா. குறிப்பாகப் பின்பக்கத்து அடி உள்வளைந்தால் ஓடும்போது அணியம் தாழும், படகு சொன்ன பேச்சு கேட்காது. இதைப் பெயிண்டால் மறைக்கலாம், நூலிடம் மறைக்க முடியாது. எங்கள் படகில் நூல் நடுவைத் தொட்டு நின்றது. பின்முனையில் மூன்று விரல் இடைவெளி. சித்தப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஃபைபரைத் தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து ரூபாய் நாணயம் போதும். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும், பிரிந்திருக்கும் இடத்தில் ஓட்டைப் பானை மாதிரி. முன்பக்க அடி, எஞ்சின் உட்காரும் இடம், வங்குக்கால்கள் ஃபைபரோடு சேரும் இடம், இந்த மூன்றிலும் அவசரமில்லாமல் தட்டுங்கள். பெயிண்ட் அதிகம் இல்லாத வெளிர் நிறப் படகாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. இருட்டியதும் ஒருவர் உள்ளே டார்ச்சை ஃபைபரோடு ஒட்டிப் பிடிக்க, நீங்கள் வெளியே நின்று பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் திட்டாகக் கறுத்துத் தெரியும். நாங்கள் பார்த்ததில் வலப்பக்கம் ஒரு கை அகலத்துக்குத் திட்டு தெரிந்தது. கேட்டதும், "2015-ல் கம்பத்தில் மோதினது, நான்தான் ஒட்டினேன்" என்று உடனே சொன்னார். அந்தப் பதிலால் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

மிதப்புக்காக முன்னும் பின்னும் அடைத்திருக்கும் அறைகளை மறந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது என்ன என்று கேளுங்கள். பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். அதனால் சரியாகப் பாதுகாக்காமல் தெர்மோகோலை வைத்து மூடிய அறையில் வெறும் குழிதான் மிஞ்சியிருக்கும். ஃபோம் ஊற்றியிருந்தாலும் விரிசல் வழியே வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருக்கும். கரையில் தூக்கும்போதே ஆட்களின் முகத்தில் தெரிந்துவிடும். அந்த நீளப் படகுக்கு வழக்கமாக எத்தனை பேர் வேண்டும், இதற்கு எத்தனை பேர் வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. காலையில் வரச் சொல்வார்கள். காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், எந்தப் படகும் நன்றாக ஓடும். பிற்பகல் காற்றில் ஓட்டிப் பாருங்கள், அதுவும் சுமையோடு. நாங்கள் பன்னிரண்டு சாக்கில் மணல் நிரப்பி, வலை இருக்கும் இடத்தில் ஆறும் மீன் பெட்டி இருக்கும் இடத்தில் ஆறுமாக வைத்தோம். வெறும் படகில் நன்றாக இருந்த பின்பக்கம் சுமை ஏறியதும் தண்ணீருக்குள் போய்விடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். காற்றுக்கு எதிரே ஓட்டினோம். அடி அறையவில்லை, தண்ணீர் இரண்டு பக்கமும் விலகிப் போனது. பக்க அலையில் எஞ்சினை மெதுவாக்கி ஆட விட்டோம். ஆடியது, வெடுக்கென்று இழுக்காமல் தொட்டில் மாதிரி ஆடியது. கரைக்குத் திரும்பும்போது நான் அணியத்தில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் அலை எழும்பியபோது என் வயிறு கலங்கியது உண்மை. அலை பின்பக்கத்தின் இரு புறமும் பிரிந்து, படகைக் கொஞ்சம் தூக்கி, அடியில் நழுவி முன்னால் போனது. அணியம் நேராகவே இருந்தது. மணலில் ஏறியதும் நான் இறங்கி அந்தப் பின்பலகையைத் தொட்டுப் பார்த்தேன்.

1,10,000 கேட்டார், 96,000-க்கு முடிந்தது. ஏராவின் பின்பாதியை மாற்ற 9,000 ஆனது. முதல் மாதத்திலேயே டீசல் வித்தியாசம் கையில் தெரிந்தது.

காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். படகில் எழுதியிருக்கும் ஐஎன்டி-டிஎன் எண்ணும் பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாறாத படகுக்கு மானிய டீசல் கிடைப்பதும் சிக்கல், கடலில் ஏதாவது ஆனால் நிவாரணம் கேட்பதும் சிக்கல். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் என்னென்ன வேண்டும் என்று சொல்வார்கள். அந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். படகின் மேல் ஏல வியாபாரியின் முன்பணம் நிற்கிறதா, ஊர் வரி பாக்கி இருக்கிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தப் படகு ஆறு வாடைக்காலம் பார்த்துவிட்டது. ஒரு தடவைகூட அலையில் குறுக்கே திரும்பியதில்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை திரும்பியது, தப்பு என் கையில். துடுப்பால் பிடித்துத் திருப்ப முடிந்தது. தோள் விலகிய மாமன் மகன் அப்போதும் கூடவே இருந்தான். அவனே இப்போது சொந்தமாகப் படகு தேடுகிறான். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒன்று இருக்கிறதாம், நீளம் 26 அடி. போனில் அனுப்பிய படத்தில் அணியம் நன்றாக இருக்கிறது, பின்பக்கத்தைப் படம் எடுக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நானும் அவனோடு போகிறேன். சித்தப்பாவுக்கு இப்போது அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர முடியாது. அவருடைய நைலான் நூல் கண்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.